இன்றே கீழ்ப்படிதல்

1854ஆம் ஆண்டு, சர்ச் மிஷனரி சங்கத்தின் மலைநாட்டுத் தோட்டப் பணிக்காகத் திருநெல்வேலி உபதேசியார்கள் கடல் கடந்து வந்தனர். அன்று அவை கோப்பித் தோட்டங்கள். தேயிலை பின்னர் வந்தது. ஊரையும் உறவையும் துறந்த அவர்களைப் போற்றுதல் எளிது. அட்டனிலோ நுவரெலியாவிலோ வாழும் கிறிஸ்தவனுக்கு அழைப்பு அத்துணைப் பெரிதாய் வருவதில்லை. பிரட்டுக்குப் போகுமுன் அடுத்த காம்பிராக்காரரோடு பகை தீர்த்துக்கொள் என்று மனச்சாட்சி உணர்த்தும்; மடுவத்தில் கொழுந்து நிறுப்பவருக்கோ, நிறையைக் குறைத்தெழுதாதே என்று உணர்த்தும். ‘சம்பள நாள் கழியட்டும்’ என்பதே வழக்கமான மறுமொழி. கூடையில் அமுக்கிவைத்த கொழுந்து சூடேறிக் கெடும். அதனாலன்றோ பறித்த அன்றே அதனை ஆலைக்கு அனுப்புகின்றனர்! மத்தேயு 21ஆம் அதிகாரத்து உவமையில் தந்தை தம் மைந்தரைத் திராட்சத் தோட்டத்துக்கு ஏவுவதும் அன்றைய வேலைக்கே. மூத்தவன் மறுத்தான், பின்னர் மனம் மாறிப் போனான். இளையவன் பணிவாக இசைந்தான், போகவில்லை. இயேசு இதனைக் கூறியது வேதம் நன்கறிந்த பிரதான ஆசாரியரிடமும் மூப்பரிடமுமே.