வேலை காலி என்பதை எங்கே சொல்வது?

எடப்பாடியில் விசைத்தறிப் பட்டறை நடத்துபவர் ஒருவரைச் சந்தித்தால், அவர் முதலில் கூறும் குறை "தறி ஓட்ட ஆள் இல்லை" என்பதாகும். அதே தெருவில் படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் இளைஞரைக் கேட்டால், "வேலை இல்லை" என்கிறார். இவ்விரண்டு கூற்றுகளும் ஒரே ஊரில், ஒரே நாளில் உண்மையாயிருப்பது எங்ஙனம்? கூலி போதாமை ஒரு காரணம்; அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், காலியிடம் ஓரிடத்திலும் அதற்குத் தகுந்தவர் மற்றோரிடத்திலும் இருக்க, இடையே செய்தி செல்லும் வழி அடைபட்டுக் கிடப்பதும் ஒரு பெரிய காரணமாகும். இவ்வழியைத் திறப்பது எவ்வாறு என்பதைக் குறித்து அங்கத்தினர்கள் முன் சில செய்திகளை வைக்க விரும்புகிறோம்.

வாய்ச்சொல்லின் பயனும் எல்லையும்

நமது பகுதியில் ஆள் சேர்ப்பது பெரும்பாலும் வாய்ச்சொல்லால் நடைபெறுகிறது. தறி ஓட்டுபவர் தம் மைத்துனரை அழைத்து வருகிறார்; மேஸ்திரி தம் ஊராரைச் சேர்த்து விடுகிறார். இம்முறையைக் குறை கூறுவதற்கில்லை. தெரிந்தவர் ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்லுவதால், வருபவரின் கைத்திறமும் ஒழுக்கமும் ஓரளவு முன்னதாகவே விளங்கிவிடுகின்றன.

பிற நாடுகளிலும் இதுவே நிலை. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து நியூட்டன் நகரில், அலுவலர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் தத்தம் வேலையை எவ்வாறு பெற்றனர் என்பதை மார்க் கிரானவெட்டர் என்னும் சமூகவியல் அறிஞர் ஆராய்ந்து, 1973, 1974ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். நூற்றுக்கு 56 பேர் அறிந்தவர் மூலமாகவே வேலை பெற்றிருந்தனர். ஆனால் அந்த 'அறிந்தவர்' யார் என்று பார்த்தபோது ஓர் உண்மை வெளியாயிற்று. அடிக்கடி சந்திக்கும் நெருங்கியவரால் செய்தி கிடைத்தோர், அவர்களுள் நூற்றுக்கு 17 பேரே ஆவர். ஏனையோருக்குச் செய்தி சொன்னவர்கள், எப்போதாவது சந்திக்கும் தூரத்துப் பழக்கத்தினரே. நெருங்கியவர் அறிந்ததை நாமும் முன்னமே அறிந்திருப்போம். புதிய செய்தி வெளியிலிருந்தே வருதல் வேண்டும்.

இதனை நமது சங்கங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். காலியிடத்தைப் பற்றிய பேச்சு நிர்வாகிகளின் வீடுகளுக்குள்ளேயே சுற்றி வருமாயின், அதே பத்துக் குடும்பங்களிலிருந்தே ஆட்கள் வருவர். பதினோராவது வீட்டில் கணக்கில் வல்ல ஒரு நெசவாளர் மகள் இருப்பதைச் சங்கம் அறியாது. சங்கத்தில் இடம் இருப்பதை அவளும் அறியமாட்டாள். நட்டம் இருதரப்புக்கும் உண்டு.

முன்பணம் விளம்பரமாகாது

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் விசைத்தறிப் பட்டறைகளில் ஆளை ஈர்ப்பதற்கு முன்பணம் கொடுக்கும் பழக்கம் நெடுங்காலமாக உள்ளது. ஒரு பட்டறையில் பெற்ற முன்பணத்தை மற்றொரு பட்டறைக்காரர் அடைத்து, ஆளைத் தம்மிடம் அழைத்துக்கொள்வதும் உண்டு. இதனால் திறமைக்கு ஆள் வருவதில்லை. கடனுக்கு ஆள் வருகிறார். கடனைக் காட்டி ஒருவரை வேலையைவிட்டுப் போகவொட்டாமல் நிறுத்துவது, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றமாகும். முன்பணத்துக்குச் செலவாகும் தொகையில் ஒரு சிறு பகுதியைக் கூலியிலும், வெளிப்படையான அறிவிப்பிலும் செலவிடுவது உத்தமம்.

சங்கங்களுக்குச் சட்டம் சொல்லுவது

தனியார் எங்கு ஆள் தேடினாலும் அது அவர்தம் விருப்பம் என்று கூறிவிடலாம். கூட்டுறவுச் சங்கம் அவ்வாறு நடந்துகொள்ள இயலாது.

நம் நாட்டில் வேலைவாய்ப்பு நிலையங்கள் 1945ஆம் ஆண்டில், போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்காகத் தோன்றின. 1948 முதல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. காலியிடங்களை அந்நிலையங்களுக்குக் கட்டாயமாகத் தெரிவிக்கவேண்டும் என்னும் சட்டம் 1959ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 1960 மே மாதம் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அக்கடமை பின்னர் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் சேர்க்கப்பட்டது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது.

இக்கடமையை மறந்ததால் விளைந்த துன்பத்தைத் தமிழ்நாட்டுக் கூட்டுறவாளர்கள் நேரிலேயே கண்டிருக்கிறார்கள். 1980க்குப் பின் இருபது ஆண்டுகளில், பல சங்கங்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்காமலேயே ஊழியர்களை நியமித்துக்கொண்டன. அவர்களை நிலைப்படுத்த 2001 மார்ச் மாதத்தில் அரசாணை பிறந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சட்ட விதிகளை மீறிச் செய்யப்பட்ட நியமனத்தைப் பின்னர் ஓர் ஆணையால் ஒழுங்காக்கிவிட முடியாது என்று அந்நீதிமன்றம் 2004ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. நீண்ட காலம் பணி செய்தது மட்டுமே ஒருவருக்கு உரிமையாகாது என்பதும் அதன் கருத்து. ஆண்டுக்கணக்காகக் கணக்கெழுதியவரும், உரம் நிறுத்துக் கொடுத்தவரும் நிலையின்றித் தவித்ததற்குக் காரணம் அவர்களுடைய திறமைக் குறைவன்று. தொடக்கத்தில் முறையாக அறிவிப்புச் செய்யாத நிர்வாகமே அத்துன்பத்தை அவர்கள்மேல் சுமத்தியது.

அலுவலகத்துக்கு மட்டும் தெரிவித்தால் போதுமா எனின், அதற்கும் விடையுண்டு. ஆந்திரப் பிரதேசத்தின் கலால் துறை நியமனம் ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் வழிகாட்டியது. வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து பெயர்களைக் கேட்பதோடு, பரவலாக விற்பனையாகும் நாளிதழ்களிலும் அறிவிக்கவேண்டும். அலுவலகப் பலகை, வானொலி, தொலைக்காட்சி, வேலைவாய்ப்புச் செய்தி இதழ் ஆகியவற்றின் மூலமும் தெரிவிக்கவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அலுவலகத்தில் பதிவு செய்யாத காரணத்தால் தகுதியுள்ள ஒருவர் வாய்ப்பிழக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

எந்த ஆளுக்கு எந்த இடம்

நல்ல ஆளைத் தேடுவோர், அவர் வழக்கமாகச் செல்லும் இடத்தில் செய்தியை வைக்கவேண்டும். தறி ஓட்டுபவரும் தார் சுற்றுபவரும் நாளிதழின் சிறு விளம்பரத்தைத் தேடிப் படிப்பதில்லை. நூல் வழங்கும் இடம், சங்க அலுவலக வாயில், பேருந்து நிலையத் தேநீர்க்கடை ஆகியவையே அவர்களுக்குரிய பத்திரிகை. பூலாம்பட்டியில் காவிரியைக் கடக்கும் விசைப்படகுத் துறையில் ஓர் அறிவிப்பு ஒட்டினால், அக்கரையில் ஈரோடு மாவட்டத்து நெருஞ்சிப்பேட்டை வரை செய்தி சென்றுவிடும்.

விவசாய வேலைக்கும், டிராக்டர் ஓட்டுநருக்கும் கொங்கணாபுரம் சனிச் சந்தையைவிடச் சிறந்த இடம் எது? பருத்தி ஏலத்துக்கு விவசாயிகள் கூடும் இடமும் அத்தகையதே. சாயமும் வடிவமைப்பும் அறிந்த தொழில்நுட்பப் பணியாளர் வேண்டுமாயின், 1960ஆம் ஆண்டிலிருந்து சேலத்தில் இயங்கிவரும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்துக்கு எழுதவேண்டும். தறி பழுது பார்ப்பவர் வேண்டுமாயின் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும், கணக்கர் வேண்டுமாயின் கல்லூரிகளுக்கும் கூட்டுறவு மேலாண்மை நிலையத்துக்கும் ஓர் அஞ்சலட்டை போதுமானது.

கைபேசி வந்துவிட்ட இக்காலத்தில் வேறு வசதிகளும் உள. மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளம் 2015ஆம் ஆண்டிலும், தமிழக அரசின் தனியார்துறை வேலை இணையம் 2020ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. இவற்றில் காலியிடத்தைப் பதிவு செய்யக் கட்டணமில்லை. ஆனால் இணையத்தில் பதிந்தவுடன் கடமை முடிந்தது என்று எண்ணலாகாது. கணக்கர் அதனைப் பார்ப்பார். பாவு பிணைப்பவர் பார்க்கமாட்டார்.

அறிவிப்பில் என்ன இருக்கவேண்டும்

இடத்தைப் போலவே வாசகமும் முக்கியமானது. "ஆட்கள் தேவை, நல்ல சம்பளம்" என்று எழுதுவதால் பயனில்லை. என்ன வேலை, எத்தனை மணி நேரம், பகலா இரவா, கூலி மீட்டருக்கா நாளுக்கா, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் யாரிடம் வரவேண்டும் என்ற செய்திகள் தெளிவாயிருத்தல் வேண்டும். கூலியை மறைத்தால் தகுதியுள்ளவர் வீணாக ஒரு நாள் கூலியை இழந்து வந்து, கேட்டுவிட்டுத் திரும்புவார், மறுமுறை வரமாட்டார்.

பொய் விளம்பரம் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்கு மேற்குத் தமிழ்நாட்டு நூற்பாலைகளில் வழங்கிய 'சுமங்கலித் திட்டம்' சான்றாகும். மூன்று ஆண்டு வேலை செய்தால் திருமணத்துக்கு மொத்தத் தொகை என்று துண்டுப் பிரசுரங்களும் தரகர்களும் கிராமங்களில் கூறினர். இடையில் உடல்நலம் கெட்டு வெளியேறிய பெண்கள் பலர் அத்தொகையை இழந்தனர். அதன் பின்னர் அவ்வூர்களில் நேர்மையான ஆலையின் அறிவிப்பையும் பெற்றோர் ஐயத்துடனேயே நோக்கினர்.

ஆகவே நமது வேண்டுகோள் இதுவே. ஒவ்வொரு சங்கமும் தன் வாயிலில் ஒரு கரும்பலகையை வைக்கட்டும். சங்கத்தில் காலியாகும் இடத்தைச் சட்டப்படி தெரிவிக்கவேண்டிய அலுவலகங்களுக்குத் தெரிவித்து, அதே நாளில் அப்பலகையிலும் எழுதட்டும். அங்கத்தினர்களுடைய பட்டறைகளிலும் தோட்டங்களிலும் தேவைப்படும் ஆட்களைப் பற்றியும் கூலியுடன் அங்கே எழுத இடமளிக்கட்டும். பொதுக்குழுவில் அங்கத்தினர் எவரும் எழுந்து, "இந்த இடம் காலியாயிருந்தது எங்களுக்குத் தெரியாதே" என்று கூறும் நிலை ஏற்படலாகாது. சங்கம் எல்லோருடையது, அதன் கதவில் இடம் காலி என்ற செய்தியும் எல்லோருக்கும் உரியது.