வெள்ளைச் சட்டை மங்குதா? பவுடரை மாத்துறதுக்கு முன்னாடி தண்ணியைப் பாருங்க!

வாங்கி ஆறு மாசம்கூட ஆகலை, ஆபீஸுக்குப் போடுற வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகிடுச்சு. டவல் காய்ஞ்சதும் அட்டை மாதிரி விறைக்குது. உடனே நாம என்ன செய்வோம்? பவுடர் பிராண்டை மாத்துவோம், இல்லைன்னா இன்னும் ரெண்டு ஸ்பூன் கூடப் போடுவோம். ஆனால் போர்வெல்லையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கும் பல வீடுகளில் கோளாறு பவுடரில் இல்லை, தண்ணீரில்தான்.

உப்புத் தண்ணீர் துணியை என்ன செய்கிறது?

நிலத்தடி நீர் பாறை, மண் வழியே ஊறி வரும்போது கால்சியம், மெக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. இதுதான் கடின நீர். சோப்பு இந்த உப்புகளோடு சேர்ந்ததும் தண்ணீரில் கரையாத பிசுக்காகத் திரிந்துவிடும். பக்கெட் ஓரத்தில் படிகிற அதே பிசுக்கு துணி இழைகளுக்கு நடுவிலும் உட்காரும். அதில் அழுக்கு ஒட்டிக்கொள்ளும்.

டிடர்ஜென்ட் பவுடர் சோப்பு அளவுக்குத் திரியாது. ஆனாலும் அதில் ஒரு பகுதி, அழுக்கை எடுக்காமல் உப்போடு மல்லுக்கட்டுவதிலேயே செலவாகிவிடும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைத் தாண்டிப் போட்டால், சரியாக அலசப்படாமல் துணியிலேயே தங்கிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு பாட்டில் எடுங்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர், இரண்டும் பாதியளவு. சோப்புக் கட்டியைச் சீவி இரண்டிலும் ஒரே அளவு போட்டுக் குலுக்குங்கள். நுரை குறைந்து, தண்ணீர் பால் மாதிரி கலங்கினால் அது கடின நீர்.

எண்ணிக்கையாகத் தெரிய வேண்டுமென்றால் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-ன்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 600 வரை அனுமதி உண்டு.

என்ன செய்யலாம்?

* கையால் துவைப்பவர்களுக்குச் சலவை சோடா கைகொடுக்கும். இது ஆப்ப சோடா இல்லை, வேறு. ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் கரைத்து அரை மணி நேரம் விடுங்கள். உப்பு அடியில் படியும். மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்துத் துவையுங்கள். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. பட்டு, கம்பளிக்கு இது வேண்டவே வேண்டாம்.

* விறைத்த டவலை, அரை கப் வெள்ளை வினிகர் கலந்த ஒரு பக்கெட் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். ஃபேப்ரிக் கண்டிஷனர் டவலை மெத்தென்று ஆக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும்.

* வெள்ளைத் துணியைக் கடைசியாக அலச மழைத்தண்ணீர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் இரண்டும் நல்லவை. இரண்டிலும் உப்பு மிகக் குறைவு.

எதைச் செய்யக் கூடாது?

* ஆர்.ஓ. கழிவு நீரை வீணாக்கக் கூடாது என்று துணிக்கு ஊற்றுகிறோம். எண்ணம் நல்லதுதான். ஆனால் குழாய்த் தண்ணீரைவிட அதில்தான் உப்பு அதிகம். வீடு துடைக்க, டாய்லெட்டுக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள்.

* போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் துணியில் காவி நிறக் கறை விழும். அதற்கு பிளீச்சிங் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகும். எலுமிச்சைச் சாறு தடவி அலசிப் பாருங்கள்.

* பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும், மூச்சுக்கே ஆபத்து.

* சொட்டு நீலம் மங்கலைக் கண்ணுக்கு மறைக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பிசுக்கு அப்படியே இருக்கும்.

மெஷினையும் மறந்துடாதீங்க!

வெந்நீர் வசதியுள்ள மெஷினில், சூடாகும்போது இந்த உப்பு ஹீட்டர் மேல் சுண்ணாம்பாகப் படியும். தண்ணீர் சூடாக நேரம் பிடிக்கும், கரன்ட் கூடுதலாகச் செலவாகும். தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில் டீஸ்கேலிங் பவுடர் போட்டு, துணி இல்லாமல் ஒரு முறை ஓட்டுங்கள்.

அடுத்த முறை சட்டை மங்கினால் கடைக்கு ஓடாதீங்க. முதல்ல அந்த ரெண்டு பாட்டிலைக் குலுக்கிப் பாருங்க.