சோப்பு ஏற்றிச் சென்ற 'இண்டஸ்'

எழுமலைக் கடைவீதியில் சூட்டிகையான பையனைக் கண்டால் "இவன் சரியான எம்டன்" என்போம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. ஆனால் அதற்குப் 12 நாட்கள் முன்பே அதனிடம் ஒரு சரக்குக் கப்பல் அகப்பட்டு மூழ்கியது. வணிகர்களாகிய நாம் அறிய வேண்டிய கதை அது.

கப்பலின் பெயர் 'இண்டஸ்'. போர் மூண்டதும் படைத் தேவைக்கென அரசு அதை எடுத்துக்கொண்டது. மேல்தளத்தில் குதிரை லாயங்கள் அடித்து, கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு அனுப்பினார்கள். செப்டம்பர் 10 அன்று வங்கக் கடலில் மாட்டிக்கொண்டது. எம்டன் தலைவர் முல்லர் கண்ணியமானவர். மாலுமிகளை இறக்கிய பிறகே மூழ்கடித்தார். அதற்கு முன் வேண்டிய சாமான்களை அள்ளிக்கொண்டார்கள். முக்கியமாகச் சோப்பு! எம்டனில் அதற்குத்தான் பெரும் தட்டுப்பாடு.

சோப்புக் கம்பெனி சும்மா இருக்குமா? 'எங்கள் 150 பெட்டிச் சோப்புக்காகவே எம்டன் துரத்தியது' என்ற பொருளில் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து 'கபிங்கா' என்ற பிரிட்டிஷ் கப்பல் பிடிபட்டது. அதிலிருந்த சரக்கு அமெரிக்கருடையது. அமெரிக்கா அப்போது போரில் இல்லை; சரக்கை அழித்தால் ஜெர்மனி நஷ்டஈடு கொடுக்க நேரும். சரக்குப் பத்திரங்களைப் பார்த்த முல்லர் கப்பலைத் தொடவில்லை. இண்டஸ் மாலுமிகளையும் அதிலேயே ஏற்றி விடுவித்தார்.