உப்புக் காற்று தின்னும் கைப்பிடிகள்

வேதாரண்யம் சுற்றுவட்டாரத்தில் புதிதாகக் கட்டிய வீடுகளைப் பார்த்துக்கொண்டே போனால் ஒன்று கண்ணில் படும். பெயின்ட் அடித்தாகிவிட்டது, கிரகப்பிரவேசமும் முடிந்துவிட்டது. வெளிப்புறமாக மொட்டைமாடிக்கு ஏறும் படிக்கு மட்டும் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. கையில் இருந்த பணம் கூரை கான்கிரீட்டோடு தீர்ந்துபோயிருக்கும். கைப்பிடியை மட்டும் "பின்னாடி போட்டுக்கலாம்" என்று விட்டிருப்பார்கள். யாராவது விழுந்த பிறகுதான் பட்டறைக்காரரை அழைப்பது நம் ஊர் வழக்கமாகிவிட்டது.

கைப்பிடி உள்ள வீடுகளுக்கு வேறு தொல்லை. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் அகஸ்தியம்பள்ளி உப்பளம். காற்றிலேயே உப்பு இருப்பதால் இரும்புக் குழாய் மேலே பெயின்ட் பளபளக்க, உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். நம்பிச் சாய்கிற நேரத்தில் முறிகிற கைப்பிடி, இல்லாத கைப்பிடியைவிட மோசம். ஆகவே வீட்டிலும் பொது இடத்திலும் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு: கைப்பிடி இருக்கிறதா? இருப்பது ஆளைத் தாங்குமா?

தவறி விழுவதால் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

எவ்வளவு பாரம் தாங்கவேண்டும்?

கைப்பிடியை அலங்காரமாக நினைப்பதில்தான் தப்பு தொடங்குகிறது. இந்தியத் தரநிலை 875, இரண்டாம் பகுதி (1987), கைப்பிடியும் தடுப்பும் பக்கவாட்டில் தாங்கவேண்டிய விசையைச் சொல்கிறது. குடியிருக்கும் வீட்டுக்குள் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 35 கிலோ, மற்றக் கட்டடங்களின் படிகளில் சுமார் 75 கிலோ. பள்ளி, திரையரங்கம் போல ஜனம் நெருக்கியடிக்கும் இடங்களில் ஏறத்தாழ 230 கிலோ. வீட்டுப் படிக்குப் போதுமான குழாயைக் கோயில் படிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் வைப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

2025 நவம்பர் 1 அன்று, கார்த்திகை ஏகாதசியில், ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டம் காசிபுக்காவில் உள்ள வெங்கடேஸ்வரர் கோயிலில் கூட்டம் நெருக்கியபோது படியோரத் தடுப்பு முறிந்து பக்தர்கள் கீழே விழுந்தார்கள். 9 பேர் இறந்தார்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வேதாரண்யம் சன்னிதிக் கடலிலும் கோடியக்கரையிலும் நீராடக் கூட்டம் கூடுகிற ஊர் நம்முடையது. இங்குள்ள குளப்படி, மண்டபப் படி, விடுதிப் படி எல்லாவற்றையும் அந்த நாள் கூட்டத்தை மனதில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும், சாதாரண செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை வைத்தல்ல.

படி குறுகினாலும் உயிர் போகும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கூரை வேய்ந்த மாடி வகுப்பில் இருந்த பிள்ளைகள் தப்பி இறங்கப் போதுமான வழி இல்லை என்பதை டெல்டா மறக்கக் கூடாது. பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது கட்டணத்தை விசாரிக்கிற நாம் படியையும் ஒருமுறை ஏறி இறங்கிப் பார்க்கலாம்.

டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, படியின் மிதி மட்டத்திலிருந்து கைப்பிடியின் மேல்பகுதி வரை 1 மீட்டர், அதாவது மூன்றேகால் அடி உயரம் கேட்கிறது. ஒரு படியின் உயரம் வீட்டில் ஏழரை அங்குலத்தை, பொதுக் கட்டடத்தில் 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கால் வைக்கும் அகலம் வீட்டில் 10 அங்குலமாவது, பொதுக் கட்டடத்தில் ஓரடியாவது வேண்டும்.

முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் மனதில் வைத்து மத்திய அரசு 2021இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டுதல்கள் இன்னும் நுணுக்கமானவை. கைப்பிடி இரண்டு பக்கமும் இருக்கவேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு எந்தக் கை உதவும் என்பதைப் படி தீர்மானிக்கக் கூடாது. 90 செ.மீ. உயரத்தில் ஒன்று, குழந்தைக்கும் குள்ளமானவருக்கும் 76 செ.மீ.யில் இன்னொன்று. குழாய் உருண்டையாக, ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் அங்குலப் பருமனில், விரல்கள் சுற்றிப் பிடிக்கும்படி இருக்கவேண்டும். சுவருக்கும் குழாய்க்கும் இடையே 2 அங்குலம் இடம் வேண்டும். முதல் படிக்கு முன்னும் கடைசிப் படிக்குப் பின்னும் ஓரடி நீண்டிருக்க வேண்டும். பலர் இடறுவது அந்தக் கடைசி அடியில்தான்.

வீட்டில் சிறுபிள்ளை இருந்தால் செங்குத்துக் கம்பிகளுக்கு இடையே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். அழகுக்காகப் படுக்கைக் கம்பியாகப் போட்டால் பிள்ளைகளுக்கு அது ஏணிதான்.

உப்புக்கு ஈடுகொடுக்க

கடைகளில் 'எஸ்.எஸ்.' என்று விற்கும் குழாய் எல்லாம் ஒரே தரம் அல்ல. மலிவான 202 ரகம் கடற்கரையில் சீக்கிரம் பழுப்பேறும். 304 அதைவிடத் தேவலை. மாலிப்டினம் கலந்த 316தான் உப்புக் காற்றுக்கு உரியது. காந்தம் ஒட்டவில்லை என்று கடைக்காரர் காட்டுவது சான்றாகாது. 202, 304 இரண்டிலுமே பெரும்பாலும் காந்தம் ஒட்டுவதில்லை. பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள். அந்தப் பணம் இல்லாதவர்கள் துத்தநாக முலாம் பூசிய ஜி.ஐ. குழாய் போடலாம். வெல்டிங் வைத்த இடத்தில் முலாம் எரிந்துவிடும் என்பதால் அங்கே துத்தநாக ப்ரைமர் அவசியம் அடிக்கவேண்டும். குழாயின் வாயை அடைக்கவேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கி அடிப்பகுதியை அரித்துவிடும்.

தூணின் அடித்தகடு கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுகியிருக்க வேண்டும். பூச்சில் ஒட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. உவர்நீரில் கலந்த கான்கிரீட்டாக இருந்தால் உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, படியோரத்தையே வெடிக்க வைக்கும். விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால் மேலே பூசி மறைக்காமல் தட்டிப் பார்த்துப் பழுதை நீக்கவேண்டும்.

மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு தூணையும் அசைத்துப் பாருங்கள், அடியில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பணம் வரும்வரை வெறும் படியாக விட்டுவைக்காமல், இங்கே தாராளமாகக் கிடைக்கும் சவுக்குக் கம்பை ஊன்றிக் கட்டிவையுங்கள். தற்காலிகத்துக்கு அது உதவும். படியின் மேலும் கீழும் விளக்கும் சுவிட்சும் வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த பிறகு மின்சாரம் இல்லாத இரவுகளைக் கண்டவர்களுக்கு, இருட்டில் கைக்கு அகப்படும் குழாயின் மதிப்பு தெரியும். புயல் பாதுகாப்பு மையங்களின் படிகளில் இரண்டு பக்கமும் கைப்பிடி கேட்பதற்கும் அதே காரணம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 44ஆவது பிரிவுப்படி, அணுகல் தரத்தைப் பின்பற்றாத கட்டட வரைபடத்துக்கு அனுமதியும் தரக் கூடாது, பணிநிறைவுச் சான்றும் தரக் கூடாது. பொதுமக்கள் வந்துபோகும் பழைய கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் சரிசெய்யவேண்டும் என்கிறது 45ஆவது பிரிவு. 2017இல் விதிகள் வந்தன, அந்தக் காலக்கெடு முடிந்துவிட்டது. பொதுக் கட்டடம் என்பதில் மக்கள் பயன்படுத்தும் தனியார் கட்டடமும் அடங்கும். மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம். தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது சட்டத்துக்கு முரண் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிந்த வழக்கில் 1966இலேயே, தன் கட்டடத்தின் பழுது வெளியே தெரியவில்லை என்று மாநகராட்சி தப்பித்துக்கொள்ள முடியாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துருப்பிடித்த கைப்பிடிக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

யாரிடம் போவது?

முதலில் அந்த இடத்தின் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஊருக்குள் நகராட்சி, கிராமத்தில் ஊராட்சி, கோயிலில் செயல் அலுவலர், பள்ளியில் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும். வாடகை வீட்டில் கட்டமைப்புப் பழுது பொதுவாக வீட்டுக்காரர் பொறுப்பு. அசையவில்லையென்றால் நாகப்பட்டினம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம், அல்லது முதல்வரின் முகவரி எண் 1100. விழும் நிலையில் உள்ள கட்டுமானமானால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவின்கீழ் அதைச் சரிசெய்யவோ அகற்றவோ வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவிடலாம். கட்டடத்துக்கு உறுதிச் சான்று வாங்கப்பட்டதா என்பதைப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் தரவேண்டும்.

பணம் கொடுத்துத் தங்கிய லாட்ஜிலோ மண்டபத்திலோ மருத்துவமனையிலோ விழுந்தால், அது சேவைக் குறைபாடு. இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ஆலோசனைக்கு 1915. பெண்கள், பட்டியலினத்தவர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100ஐ அழைக்கலாம்.

விழுந்துவிட்டால்

கழுத்திலோ முதுகிலோ வலி என்றால் தூக்கி உட்காரவைக்காமல் 108ஐ அழையுங்கள். முதியவருக்குத் தலையில் அடிபட்டு, அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராகவும் இருந்தால், "ஒன்றும் இல்லை" என்று அவரே சொன்னாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். படியையும் முறிந்த குழாயையும் அன்றே படமெடுங்கள். மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் எங்கே, எப்படி விழுந்தார் என்பதைச் சரியாக எழுதச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பின்னால் இழப்பீடு கேட்க இவைதான் கைகொடுக்கும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஓட்டையும் தென்னை மட்டையையும் சரிபார்க்கிற கையோடு மாடிப்படிக் கைப்பிடியையும் அசைத்துப் பாருங்கள். ஆடினால் அன்றே பட்டறைக்காரரைக் கூப்பிடுங்கள். பொது இடமானால் அன்றே மனு எழுதுங்கள்.