மரத்துப்போன கால்... பதினாலாவது கப்!

கிரவுண்டுல கால் லேசா பிசகினாலே ரெண்டு நாள் காலேஜுக்கு கட் அடிக்கிற ஆளா நீங்க? அப்போ ரஃபேல் நடால் கதையைக் கண்டிப்பா கேட்கணும்!

2005-ல், 19 வயசுலேயே அவரோட இடது பாதத்துல ஒரு பிரச்னையைக் கண்டுபிடிச்சாங்க. பேரு, முல்லர்-வைஸ் சிண்ட்ரோம். பாதத்தின் நடுவில் இருக்கிற ஒரு குட்டி எலும்பு மெள்ள மெள்ள சிதைஞ்சு, உருவமே மாறிடும். அந்தப் பாதத்தை வெச்சுக்கிட்டுத்தான் மனுஷன் அத்தனை வருஷமும் ஓடினார்.

2022 மே மாசம் ரோம்ல ஷபோவலோவ்கிட்ட தோத்தப்போ, கடைசி செட்ல நொண்டிக்கிட்டே ஆடினார். பத்தே நாளில் ஃபிரெஞ்சு ஓப்பன்! பாரிஸுக்கு டாக்டரையும் கூடவே கூட்டிட்டுப் போயிட்டார். பாதத்து நரம்புல ஊசி போட்டா, வலி காலி. கூடவே பாதமும் மரத்துப் போயிடும். கால் தரையில எப்படிப் பதியுதுன்னே தெரியாது, கணுக்கால் மடங்க சான்ஸ் அதிகம். இதுல களிமண் கோர்ட்ல சறுக்கிச் சறுக்கி வேற ஆடணும். யோசிச்சுப் பாருங்க!

கால் இறுதியில் ஜோகோவிச்சோட 4 மணி 12 நிமிஷ யுத்தம். நடுராத்திரி ஒரு மணி தாண்டி முடிஞ்சது. அரையிறுதியில் கணுக்கால் மடங்கியது நடாலுக்கு இல்லை... எதிரே நின்ன ஸ்வெரெவுக்கு! வீல் சேர்ல வெளியே போனவர், ஊன்றுகோலோட வந்து கை குலுக்கிட்டுப் போனார். ஃபைனலில் காஸ்பர் ரூட் 6-3, 6-3, 6-0-ன்னு காலி. 36 வயசுல நடாலுக்கு அங்கே 14-வது பட்டம்!

ஆனா, இப்படி ஊசி போட்டுக்கிட்டே காலம் தள்ள முடியாதுன்னு ஜெயிச்ச கையோட அவரே சொல்லிட்டார். அதுக்கப்புறம் கால் நரம்புக்கு வேற ட்ரீட்மென்ட் எடுத்துக்கிட்டு விம்பிள்டன் வந்தார்.

அங்கே வயித்துத் தசை கிழிஞ்சுடுச்சு. டெய்லர் ஃப்ரிட்ஸோட கால் இறுதி. 'போதும், வந்துடு'ன்னு கேலரியில இருந்து அப்பாவும் தங்கச்சியும் ஜாடை காட்டுறாங்க. நம்ம ஆள் கேட்டாதானே? சர்வ் வேகத்தைக் குறைச்சு, அஞ்சாவது செட் டை-பிரேக் வரைக்கும் இழுத்து ஜெயிச்சுட்டார்.

மறுநாள்தான் ட்விஸ்ட். ஆடினா காயம் இன்னும் மோசமாகும்னு அரையிறுதியில் இருந்து விலகிட்டார். எனக்கென்னவோ, பாரிஸ் ஊசியைவிட இந்த முடிவுதான் கஷ்டமா இருந்திருக்கும்னு தோணுது. ரெண்டே மேட்ச்ல கப் இருந்துச்சே!

கிர்கியோஸ் ஒரு பந்துகூட அடிக்காம ஃபைனலுக்குப் போனார்.