இந்தியாவிலும் இலங்கையிலும் டக்கோட்டா வானூர்திச் சேவை

டக்கோட்டா என்பது அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் உருவாக்கிய டிசி-3 வானூர்திக்கும் அதன் இராணுவ வடிவமான சி-47 வானூர்திக்கும் வழங்கும் பெயர் ஆகும். இரண்டு பிஸ்டன் இயந்திரங்கள் சுழல்விசிறிகளை இயக்க, இது பறந்தது. இதன் முதற்பறப்பு 1935 டிசம்பர் 17 அன்று நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தியாவிலும் இலங்கையிலும் பயணிகள் வான்போக்குவரத்து பெரும்பாலும் இவ்வானூர்தியைக் கொண்டே வளர்ந்தது.

அமைப்பு

தொடக்கத்தில் இதில் 21 பயணிகள் அமர்ந்து செல்ல இடமிருந்தது. வாற்பகுதியின் கீழ் சிறு சக்கரம் உள்ளதால், தரையில் நிற்கும்போது மூக்கு உயர்ந்திருக்கும். தார் போடாத ஓடுபாதைகளிலும் இறங்க வல்லது. பயணிகள் அறையில் காற்றழுத்தம் சீராக்கப்படாததால் மிக உயரத்தில் பறக்க இயலாது. எனவே மேகங்களுக்கும் புயலுக்கும் மேலாகச் செல்லும் வாய்ப்பு இதற்குக் குறைவு.

இந்தியாவில்

போருக்காக 10,000-க்கும் மேற்பட்ட சி-47 வானூர்திகள் கட்டப்பட்டன. போர் முடிந்ததும் எஞ்சியவை மலிவு விலைக்குக் கிடைத்தன. பெங்களூரிலிருந்த இந்துசுத்தான் வானூர்தித் தொழிற்சாலை அவற்றுட் பலவற்றைப் பழுதுபார்த்துப் பயணிகள் சேவைக்கு ஏற்றவாறு மாற்றியது. 1947 அக்டோபர் 27 அன்று சிறீநகருக்குப் படையினரைக் கொண்டுசென்ற வானூர்திகளுள் வான்படையின் டக்கோட்டாக்களோடு தனியார் நிறுவனங்களின் டக்கோட்டாக்களும் இருந்தன.

1949 சனவரியில் இரவு வான்அஞ்சல் தொடங்கியது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களிலிருந்து புறப்பட்ட வானூர்திகள் நள்ளிரவில் நாக்பூரில் கூடி, அஞ்சற்பைகளை மாற்றிக்கொண்டு திரும்பின. இதனால் ஒரு பெருநகரில் மாலையில் அனுப்பிய கடிதம் மறுநாளே மற்றொரு பெருநகரை அடைந்தது.

1953 இல் எட்டு நிறுவனங்களை இணைத்து உருவான இந்தியன் ஏர்லைன்சு பெற்ற 99 வானூர்திகளில் 74 டக்கோட்டாக்களாகும். 1957 இல் விக்கர்சு வைக்கவுண்ட்டும் 1961 இல் போக்கர் பிரண்ட்சிப்பும் வந்தபின் இவை முதன்மைத் தடங்களிலிருந்து படிப்படியாக விலகிச் சிறுநகரங்களுக்குப் பறந்தன.

இலங்கையில்

ஏர் சிலோனின் முதல் பயணச்சேவை 1947 டிசம்பர் 10 அன்று டக்கோட்டா மூலம் நடைபெற்றது. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட அது, காங்கேசன்துறையில் இறங்கிப் பின் சென்னையை அடைந்தது. இவ்வாறு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் சென்னைக்கும் நேரடி வான்தொடர்பு ஏற்பட்டது. உள்நாட்டுப் போரினால் நீண்டகாலம் அறுந்திருந்த இத்தொடர்பு, 2019 நவம்பரில் ஏடிஆர்-72 வானூர்தியால் மீண்டும் தொடங்கப்பட்டது. அதுவும் இரட்டைச் சுழல்விசிறி வானூர்தியே ஆகும்.