சத்தமில்லாமல் ஓடும் விட்ஜெட் ஸ்கிரிப்ட்... வசதியா, வில்லங்கமா?

மூன்று மலைகளில் பரந்து நிற்கும் செஞ்சிக்கோட்டை, 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. அந்தக் கோட்டைப் படத்தை லேப்டாப் வால்பேப்பரா வெச்சு, ஓரத்துல கடிகாரம், செஞ்சி வெயில், பேட்டரி அளவுன்னு விட்ஜெட்களை அடுக்க உதவும் இலவச விண்டோஸ் மென்பொருள்தான் ரெயின்மீட்டர். இதன் விட்ஜெட்களுக்கு ‘ஸ்கின்’ என்று பெயர். இவை அழகு காட்டுவதோடு நிற்பதில்லை; பின்னணியில் ஸ்கிரிப்ட்களையும் ஓட்டும்.

எப்படி ஓடுது?

உதாரணமா, வேலை ஃபைல்களை இன்னொரு டிரைவுக்கு காப்பி பண்ண ஒரு பேட்ச் ஃபைல் வெச்சிருக்கீங்க. அதை நேரடியா ஓட்டினால் கறுப்பு விண்டோ ஒன்று திறந்து மூடும். மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது சங்கடம். ரெயின்மீட்டரின் ‘ரன்கமாண்ட்’ பிளக்இன்னில் ‘ஸ்டேட்’ என்ற இடத்தில் ‘ஹைட்’ எனக் குறிப்பிட்டால், விண்டோ கண்ணில் படாமலேயே வேலை முடியும்.

இதுல என்ன சிக்கல்?

முதலாவது, விண்டோவோடு சேர்ந்து பிழைச்செய்தியும் மறைஞ்சிடும். டிரைவ் நிரம்பி காப்பி நின்றுபோனாலும் உங்களுக்குத் தெரியாது. லேப்டாப் பழுதாகும் நாளில்தான் பேக்கப் இல்லை என்பதே தெரியவரும்.

இரண்டாவது, பாதுகாப்பு. ஸ்கின் ஓட்டும் ஸ்கிரிப்ட்டுக்கு, லாகின் செய்திருக்கும் உங்களுக்கு உள்ள அதே அனுமதிகள் உண்டு. யாரோ செய்த ஸ்கின்னுக்குள் வேறு கட்டளை ஒளிந்திருந்தால், அதுவும் சத்தமில்லாமல்தான் ஓடும். விண்டோஸ் விஸ்டா, 7-இல் இருந்த ‘கேட்ஜெட்’ வசதிக்கும் இதே கதிதான். தாக்குபவர்கள் அதன்வழி கணினியில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம் என்று 2012 ஜூலையில் எச்சரித்த மைக்ரோசாஃப்ட், அதை முடக்க ஒரு கருவியையும் தந்தது. விண்டோஸ் 8-இல் கேட்ஜெட்களே இல்லை.

என்ன செய்யலாம்?

* ஸ்கின்னின் ‘ஐஎன்ஐ’ ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்க. பவர்ஷெல், டபிள்யூஸ்கிரிப்ட் போன்ற பெயர்கள் இருந்தால், அவை எதை ஓட்டுகின்றன என்று கவனிக்கவும். கடிகார ஸ்கின்னுக்கு பவர்ஷெல் எதுக்கு?

* ‘டிஎல்எல்’ பிளக்இன்னை நோட்பேடில் படித்து சோதிக்க முடியாது. செய்தவர் யார் எனத் தெரியாவிட்டால் தவிர்ப்பது நல்லது.

* டாஸ்க் மேனேஜரின் ‘டீடெயில்ஸ்’ பகுதியில் ‘கமாண்ட் லைன்’ பத்தியைச் சேர்த்தால், மறைந்து ஓடும் ஸ்கிரிப்ட் எது என்று தெரியும்.

* உங்க சொந்த ஸ்கிரிப்ட்டின் முடிவை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் பதிய வையுங்க. ‘கடைசியாக பேக்கப் ஆன நேரம்’ என்ற ஒரு வரியை விட்ஜெட்டிலேயே காட்டலாம். நேற்றைய தேதியே நின்றால், ஏதோ தப்புன்னு அப்பவே தெரிஞ்சிடும்.